மூன்று இருக்கை காலி

எழுதினேன், அழித்தேன், திரும்பவும் எழுதினேன்:
"நாளை காலை ஏழு பத்து. வெள்ளவத்தையிலிருந்து கோட்டை.
மூன்று இருக்கை காலி. காசு வேண்டாம்."
எங்கள் மாடிக் கட்டடத்துக் குறூப்பில்
தண்ணீர் மோட்டார் பழுது, பூனை காணவில்லை,
லிஃப்டில் குப்பை சிந்தியது யார்
என்பவற்றின் நடுவே
என் மூன்று இருக்கைகளும் போய் உட்கார்ந்தன.

நாற்பத்தொரு பேர் பார்த்ததாகப் போன் சொன்னது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காலி வீதி என்று பெயர்.
எனக்குத் தெரிய
ஒரு காலையும் அது காலியாய் இருந்ததில்லை.
காலியெல்லாம் கார்களுக்குள் இருக்கிறது.
முன்னால் ஒரு தலை, பின்னால் ஒரு தலை,
பக்கத்தில் போன் பேசும் ஒரு தலை,
ஒவ்வொரு தலைக்கும் நான்கு கதவு.
நூறாம் நம்பர் பஸ் மட்டும்
படியிலும் ஆள் தொங்க
எங்களை விலத்தச் சொல்லி ஹோர்ன் அடித்தது.
விலத்த எங்கே இடம்?

இரண்டாம் வாரம் ஒரு பதில்:
"ஏசி வேலை செய்யுமா?"
மூன்றாம் வாரம் இன்னொன்று, தனிச் செய்தியாய்:
"நீங்கள் எந்த வீடு? யாருடைய ஆள்?"

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இதே வீதியில், இதைப் போலொரு காலையில்,
மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒருவர்
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
அப்பாவிடம் கேட்ட கேள்வி.
மழைக்கு ஒதுங்கிநின்ற யாரையோ
பின் சீட்டில் ஏற்றியதற்காக
பின்னேரம்வரை அப்பா பொலிஸில் நின்றார்.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
தெரியாத ஆளுக்குக் கதவு பூட்டு.

"ஆறாம் மாடி, இரண்டாம் கதவு. நிரஞ்சலா.
மெதுவாகத்தான் ஓட்டுவேன்" என்று அனுப்பினேன்.

கேட்டவள் பஸ்மினா. மூன்றாம் மாடி.
பதினோரு வருடம் ஒரே லிஃப்டில்
ஒருவர் செருப்பை ஒருவர் பார்த்திருக்கிறோம்.
பிறகு யூட் தயாபரன், வங்கி,
தினமும் சீட் பெல்ட்டோடு சண்டை.
பிறகு பக்கத்துக் கட்டடத்துத் திலின.
அவன் ஆங்கில எழுத்தில் சிங்களம் அனுப்புவான்,
நான் ஆங்கில எழுத்தில் தமிழ்,
பஸ்மினா இரண்டுக்கும் நடுவில்
ஒரு கட்டைவிரல் வைப்பாள்.
காசு வேண்டாமென்றதைத் திலின ஏற்கவில்லை.
வெள்ளிக்கிழமைகளில் டாஷ்போர்டில்
நாலு மாலு பனிஸ் சூடாக இருக்கும்.

கார்த்திகை மழை. பம்பலப்பிட்டிச் சந்தி குளம்.
கார் ஒருதரம் இருமியது, பிறகு இருமவுமில்லை.
அன்றிரவு குறூப்பில்: "நாளைக்கு?"
நான் பதில் எழுத முதல் பஸ்மினா எழுதினாள்:
"ரயில். மூன்றாவது பெட்டி. இடம் பிடிக்கிறேன்."

இடமா!
ஒரு காலுக்குக் கிடைத்தது.
மற்றக் காலை யூட்டின் சப்பாத்துக்கு மேல் வைத்தேன்.
கதவுக்கு வெளியே கடல்.
இத்தனை வருடம்
ஓரிரண்டு ஒழுங்கை தள்ளி
கோட்டைவரை என்னோடு கூடவே வந்திருக்கிறது,
நான் முன்கார் பிரேக் லைற்றைப் பார்த்தபடி.

கார் திருந்தி வந்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும்
யூட்டின் முழங்கால் நோகும் நாளுக்கும் வைத்திருக்கிறேன்.
குறூப்பில் இப்போது முப்பத்தேழு பேர்.
"நூறு வருது, சீட் இருக்கு, ஓடி வாங்கோ."
"ரயில் பிந்தும். பிளேன்டீ குடிக்க நேரமிருக்கு."
ஒருவர் இன்னமும் பூனையைத் தேடுகிறார்.

நேற்றிரவு பெயரில்லாத ஒரு நம்பர்:
"புதிதாய் வந்திருக்கிறேன். காலையில் உங்களோடு வரலாமா?"
விரல் தானாகவே
எந்த வீடு என்று தட்டத் தொடங்கியது.
அழித்தேன்.
"மூன்றாவது பெட்டி" என்று அனுப்பினேன்.
பிறகு இன்னொன்றும்:
"குடை கொண்டுவாங்கோ, கதவோரம் ஒழுகும்."